டெபியன் பாதுகாப்பு அப்டேட்: வட்டு வரை கொண்டு வருவார்கள், மீதி நம் பாடு

2024 ஜூலை 1. கடவுச்சொல் எதுவும் இல்லாமல் வெளியிலிருந்தே ரூட் அதிகாரத்தை, அதாவது முழு நிர்வாக அதிகாரத்தை, பிடிக்கக்கூடிய ஓட்டை ஒன்று, சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்-சில் இருப்பதாகக் குவாலிஸ் பாதுகாப்பு நிறுவன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஓட்டைகளுக்குப் பொதுவாகத் தரப்படும் சிவிஇ வரிசையில் அதன் எண் சிவிஇ-2024-6387. உண்மையில் அது 2006-ல் அடைத்த ஓட்டைதான். 2020 அக்டோபரில் நடந்த ஒரு கோட் மாற்றத்தில் அடைப்பு கழன்றுபோய், 8.5பி1 முதல் 9.7பி1 வரை திறந்தே கிடந்திருக்கிறது. அறிவிப்பு வந்த அதே நாளில், லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 12-ஆம் வெளியீட்டுக்கான திருத்தம் டிஎஸ்ஏ-5724 என்ற பாதுகாப்பு அறிவிப்பு எண்ணோடு வெளிவந்தது. தானியங்கி அப்டேட் ஓடிய சர்வர்கள் மறுநாளோ அதற்கடுத்த நாளோ அதைத் தாமாகவே இழுத்துப் போட்டுக்கொண்டன. இதற்குக் கட்டணம் இல்லை, கணக்குத் திறக்க வேண்டாம், டோக்கனும் கேட்பதில்லை.

இந்தச் சேவையில் மூன்று உறுப்புகள் உண்டு. திருத்தம் தயாரிக்கும் டெபியன் பாதுகாப்புக் குழு, அதை வெளியிடும் தனி ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்), நம் கணினியில் உட்கார்ந்து அதை நிறுவும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜ். முதல் இரண்டும் காசு கொடுத்து வாங்கும் சேவைகளோடு சரிக்குச் சரி நிற்கும். மூன்றாவதை அப்படியே நம்பிவிட முடியாது. அது கெட்டுப்போவதில்லை, ஆனால் தன் வேலை எங்கே முடிகிறது என்பதை உரக்கச் சொல்வதில்லை.

புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் பதிப்பு எண். அந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் ஓட்டையை அதை எழுதும் மூலத் திட்டத்தினர் 9.8பி1 வெளியிட்டு அடைத்தார்கள். டெபியன் 12-ல் அப்டேட் ஆன பிறகும் பார்த்தால் 9.2பி1 என்றே இருக்கும். "பாதிக்கப்பட்ட பதிப்பு" என்று ஓட்டை தேடும் ஸ்கேனர் சிவப்பில் காட்டும், ஆடிட்டர் கடிதம் எழுதுவார், யாராவது பதறிப்போய் 9.8-ஐ மூலக் கோடிலிருந்து தொகுத்து நிறுவி, அதன்பின் வரும் எந்த அப்டேட்டும் அந்த சர்வருக்குச் சேராதபடி செய்துவிடுவார். பார்க்க வேண்டியது முழு எண்ணை: 9.2பி1-2+டெப்12யூ3. கடைசியில் நிற்கும் யூ3-தான் செய்தி. ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். புதிய வசதிகளும் புதிய வம்புகளும் கூட வராமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. 2014-ல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் ஓட்டை வந்தபோதும் இதே கதை: மூலத் திட்டம் 1.0.1ஜி என்றது, டெபியன் 7-ல் 1.0.1இ-2+டெப்7யூ5 என்று வந்தது, இரண்டிலும் ஓட்டை அடைபட்டிருந்தது.

ஆடிட்டருக்குப் பதில் சொல்ல இரண்டு ஆதாரங்கள் போதும். ஒன்று, ஒவ்வொரு பேக்கேஜோடும் வரும் சேஞ்ச்லாக் டெபியன் கோப்பு. யூஎஸ்ஆர்-ஷேர்-டாக் ஃபோல்டருக்குள் அந்தந்த பேக்கேஜின் பெயரில் இருக்கும், இசட்கிரெப் போட்டு சிவிஇ எண்ணைத் தேடினால் எந்த எண்ணில் அடைத்தார்கள் என்ற வரி கிடைக்கும். இரண்டாவது, டெபியனின் செக்யூரிட்டி டிராக்கர். சிவிஇ எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு வெளியீட்டிலும் நிலைமை என்ன என்று பட்டியல் போட்டுக் காட்டும். இதே ஓட்டைக்கு அதில் பார்த்தால் டெபியன் 11-ல் இருந்த 8.4பி1 பாதிக்கப்படவே இல்லை என்பது தெரியும். பழையது என்பதாலேயே தப்பித்த வண்டி!

இந்த ஒட்டுவேலை எல்லாவற்றுக்கும் நடக்காது. ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர், குரோமியம் போன்றவற்றில் இப்படி ஒட்டு போட்டுக்கொண்டிருப்பது கட்டுப்படியாகாது என்பதால் புதிய பதிப்பையே அனுப்பிவிடுகிறார்கள். இயங்குதளத்தின் மையமான கர்னலும் அதன் நீண்டகால வரிசையிலேயே முன்னே நகர்கிறது. கோ மொழியில் எழுதப்பட்ட பேக்கேஜ்களுக்குப் பாதுகாப்பு ஆதரவு குறைவுதான் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். எல்லா லைப்ரரியும் உள்ளேயே இணைந்து வருவதால், ஒரு லைப்ரரியில் ஓட்டை என்றால் அதைச் சேர்த்துக்கொண்ட எல்லாவற்றையும் மறுபடி தொகுக்க வேண்டியிருக்கும். டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட் என்ற சிறு பேக்கேஜைப் போட்டு அதிலுள்ள செக்-சப்போர்ட்-ஸ்டேட்டஸ் கட்டளையை ஓட்டினால், நம் கணினியில் உள்ளவற்றில் எவை இப்படி அரைகுறை ஆதரவில் நிற்கின்றன என்று சொல்லிவிடும். இது ஏன் எல்லா நிறுவலிலும் தானாக வருவதில்லை என்பது புரியாத புதிர்.

இனி மூன்றாவது உறுப்பு. சர்வரில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் நிறுவுங்கள். ஈடிசிக்குள், பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவியின் கட்டமைப்பு ஃபோல்டரில் இரண்டு கோப்புகள் முக்கியம். 20 என்ற எண்ணில் தொடங்குவது ஆன்-ஆஃப் பொத்தான்: பட்டியலைப் புதுப்பிப்பதற்கு ஒரு வரி, நிறுவுவதற்கு ஒரு வரி, இரண்டுக்கும் மதிப்பு 1 இருக்க வேண்டும். 50-ல் தொடங்குவதில்தான் எந்த ரெப்போவிலிருந்து வருவதை நிறுவலாம் என்ற அனுமதிப் பட்டியல் இருக்கிறது. மாற்றியதும் அன்அட்டெண்டட்-அப்கிரேட் கட்டளையை ட்ரை-ரன், டீபக் என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எதையும் நிறுவாமல், எதை ஏன் எடுக்கிறது, எதை ஏன் தள்ளுகிறது என்று வரிவரியாகச் சொல்லும். இந்தச் சேவையிலேயே மிக நன்றாகச் செய்யப்பட்ட பகுதி இதுதான்.

நேரக் கணக்கில் கோட்டை விடுபவர்கள் அதிகம். வேலையை இரண்டு டைமர்கள் பிரித்துக்கொள்கின்றன. ஆப்ட்-டெய்லி என்பது காலை 6, மாலை 6 என்று பட்டியலைப் புதுப்பிக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் 12 மணி நேரம் வரை தற்செயலாகத் தாமதிக்கும். ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் என்பது காலை 6-க்கும் 7-க்கும் இடையே நிறுவும், பட்டியலை அது தொடாது. இரவு 7 மணிக்குப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு 8 மணிக்குத் திருத்தம் வெளியானால் மறுநாள் காலை 6 மணி ஓட்டத்துக்கு அது கண்ணில் படாது. அதற்கடுத்த நாள் காலைதான் நிறுவப்படும், கிட்டத்தட்ட ஒன்றரை நாள். ரெப்போ சர்வர்களின் மேல் உலகமே ஒரே நொடியில் விழாமல் இருக்க வைத்த தாமதம் அது, நியாயம்தான். இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வர் என்றால் சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டு முதல் டைமரின் தாமதத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம். நேரத்தையே மாற்றுவதானால் ஆன்காலண்டர் வரியை முதலில் காலியாக ஒரு முறை எழுதிவிட்டு, அடுத்த வரியில் புதிய நேரத்தை எழுத வேண்டும். காலி வரி இல்லாவிட்டால் பழைய நேரம் போகாது, புதியது கூடுதலாகச் சேரும்.

இன்னொன்று: வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. யூடிசி காலை 6 என்பது நமக்குப் பகல் 11.30. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அலுவலகம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் டேட்டாபேஸ் சர்வர் ரீஸ்டார்ட் ஆகும். தானியங்கி ரீபூட் நேரத்தை 02:00 என்று எழுதினாலும் இதே கணக்குத்தான், காலை 7.30-க்கு ரீபூட்.

மடிக்கணினியில் இதை நம்பியிருப்பவர்கள் கவனிக்க: பேட்டரியில் ஓடும்போது இது வேலை செய்யாது. அளவு வைத்த மொபைல் டேட்டாவிலும் தவிர்த்துவிடும். இரண்டையும் 50-ஆம் எண் கோப்பில் மாற்றலாம்.

சேவை உண்மையில் நின்றுவிடும் இடத்துக்கு வருவோம். ஒரு லைப்ரரி புதுப்பிக்கப்படும்போது வட்டில் பழைய கோப்பு நீக்கப்பட்டுப் புதியது வைக்கப்படுகிறது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர் எல்லாம் பழைய கோப்பை நினைவகத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும். பெயர் போனாலும் பிடித்திருப்பவன் விடும்வரை கோப்பு சாகாது என்பது யூனிக்ஸின் அடிப்படை விதி. ஆக, பேக்கேஜ் பட்டியல் "புதுசு" என்று சொல்லும், ஓடும் புரோகிராம் ஓட்டையோடு ஓடும், ஸ்கேனரும் பச்சை காட்டும். ஓபன்எஸ்எஸ்ஹெச் பேக்கேஜ் நிறுவும்போதே தன் சேவையை ரீஸ்டார்ட் செய்துகொள்வதால் ஜூலை 2024-ல் இந்தச் சிக்கல் எழவில்லை. ஓபன்எஸ்எஸ்எல்-லின் லிப்எஸ்எஸ்எல் போன்ற லைப்ரரிகளில் அந்த வசதி அவ்வளவு சுலபமில்லை, அதை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று அதற்கே தெரியாது. ஹார்ட்பிளீடுக்கு டெப்7யூ5 வெளியிட்ட கையோடு டெப்7யூ6 என்று ஒன்றை வெளியிட்டார்கள். ரீஸ்டார்ட் தேவைப்படும் சேவைகளைக் கண்டுபிடித்துக் கேட்பதற்காகவே வந்த எண் அது.

இந்த இடைவெளியை அடைப்பது நீட்ரீஸ்டார்ட் என்ற தனி பேக்கேஜ். ஒவ்வொரு நிறுவலின் முடிவிலும் நீக்கப்பட்ட லைப்ரரியைப் பிடித்திருக்கும் சேவைகளைத் தேடிப் பிடிக்கும். ஆனால் திரை முன்னால் ஆள் இருந்து கேள்விக்குப் பதில் சொல்வார் என்ற எண்ணத்தில்தான் அதன் இயல்பு அமைப்பு இருக்கிறது. விடிகாலை டைமரில் பதில் சொல்ல யாரும் இல்லை. அதன் கட்டமைப்புக் கோப்பில் ரீஸ்டார்ட் என்ற மதிப்பை 'ஏ' என்று மாற்றினால்தான் தானாக ரீஸ்டார்ட் செய்யும். அப்போதும் டிபஸ், சிஸ்டம்டி-லாகின்டி, கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் போன்ற சேவைகளைத் தொடாது, தொட்டால் எல்லாரும் வெளியே தள்ளப்படுவார்கள் அல்லது கண்டெய்னர்கள் விழும். அவை ரீபூட்டுக்குக் காத்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2024 நவம்பரில் நீட்ரீஸ்டார்ட்டிலேயே ஓட்டைகள் வெளியாயின. ஓடும் பைதான், ரூபி புரோகிராம்களை ஆராயும்போது அவற்றின் சூழல் மாறிகளை நம்பியதால், சாதாரணப் பயனர் ஒருவர் பைதான்பாத் மாறியில் தன் கோடை வைத்துக் காத்திருந்து ரூட் ஆகிவிடலாம். 2014-ல் வந்த 0.8 பதிப்பிலிருந்தே இருந்த ஓட்டை; 3.8-ல் அடைத்தார்கள், டெபியனும் தன் பழைய பதிப்புக்கு ஒட்டு போட்டது. உடனே அப்டேட் செய்ய முடியாதவர்களுக்கு இன்டர்ப்ஸ்கேன் மதிப்பை 0 ஆக்குவது தற்காலிக வழி. காவல்காரனுக்குக் காவல் வைத்த கதை என்று சிரித்துவிட்டு அதை நீக்கிவிடத் தோன்றும். நீக்க வேண்டாம். பல பயனர்கள் லாகின் செய்யும் கணினியில்தான் அந்த ஓட்டை ஆபத்து. நீட்ரீஸ்டார்ட் இல்லாத சர்வரில் பழைய லைப்ரரி மாதக்கணக்கில் நினைவகத்தில் கிடப்பது எல்லாருக்கும் ஆபத்து.

கர்னலுக்கு ரீபூட்தான் ஒரே வழி, டெபியனில் ஓடும்போதே ஒட்டும் சேவை அதிகாரபூர்வமாக இல்லை. ரீபூட் தேவை என்றால் ரன் ஃபோல்டரில் ரீபூட்-ரெக்வயர்டு என்ற வெற்றுக் கோப்பு தோன்றும். தானியங்கி ரீபூட் இயல்பில் அணைந்திருக்கிறது. யூநேம் கட்டளையை 'ஆர்' விருப்பத்தோடு ஓட்டினால் 6.1.0-21 போன்ற பெயர்தான் வரும், அதில் உண்மையான பதிப்பு தெரியாது. 'வி' விருப்பத்தில் ஓட்டினால்தான் 6.1.90-1 என்று ஓடும் கர்னலின் டெபியன் எண் வரும். டிராக்கரில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

சத்தமில்லாமல் தவறவிடும் இடங்கள் இன்னும் சில. முதலாவது, வெளி ரெப்போக்கள். டாக்கர், போஸ்ட்கிரெஸ், நோட்ஜேஎஸ் ஆகியவற்றை அவரவர் ரெப்போவிலிருந்து போட்டிருந்தால், அவை அனுமதிப் பட்டியலில் இல்லாததால் தொடப்படவே மாட்டா. ஆப்ட்-கேஷ் பாலிசி கட்டளை ஒவ்வொரு ரெப்போவின் ஆரிஜின், லேபிள் பெயர்களைக் காட்டும். அதை எடுத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். டாக்கரை மட்டும் யோசித்துச் சேருங்கள்: லைவ்-ரீஸ்டோர் போடாமல் டாக்கர் டீமன் புதுப்பிக்கப்பட்டால் ஓடும் கண்டெய்னர்கள் அத்தனையும் நிற்கும். கண்டெய்னர்களுக்கு உள்ளே இருப்பவற்றுக்கோ இந்தச் சேவை எட்டவே எட்டாது. இமேஜை மறுபடி கட்ட வேண்டும், அதுவும் புல், நோ-கேஷ் விருப்பங்களோடு. இல்லாவிட்டால் மூன்று மாதம் முன்பு ஓடிய ஆப்ட் அப்டேட்டின் பழைய அடுக்கையே எடுத்து ஒட்டி "முடிந்தது" என்று சொல்லும்.

இரண்டாவது, நீங்கள் கைவைத்த கட்டமைப்புக் கோப்புகள். புதிய பேக்கேஜில் அதே கோப்பு மாறியிருந்தால் எதை வைத்துக்கொள்வது என்று, பேக்கேஜை வட்டில் நிறுவும் டிபிகேஜி கேட்கும். கேட்கும் நிலை வரும் என்று தெரிந்தாலே அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் அந்த பேக்கேஜை ஒதுக்கிவிட்டுப் போய்விடும். லாகில் ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். டிபிகேஜி விருப்பங்களில் ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப், ஃபோர்ஸ்-கான்ஃபோல்டு இரண்டையும் சேர்த்தால் நம் கோப்பை வைத்துக்கொண்டு மேலே போகும். மெயில் அறிக்கையைப் போட்டு வைப்பதும் இதற்காகத்தான், ஆனால் சர்வரில் மெயில் அனுப்பும் வசதி ஒன்று இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, பூட் பார்ட்டிஷன். வட்டை மறையாக்கம் செய்த பழைய நிறுவல்களில் சில நூறு எம்பிதான் ஒதுக்கியிருப்பார்கள். மூன்றாவது கர்னல் வரும்போது இடம் தீர்ந்து, பாதி நிறுவிய நிலையில் டிபிகேஜி சிக்கிக்கொள்ளும். அதன்பின் எந்த பேக்கேஜின் அப்டேட்டும் நகராது. பயன்படாத கர்னலை நீக்கிவிட்டு, டிபிகேஜி கன்ஃபிகர் கட்டளையை 'ஏ' விருப்பத்தோடு ஓட்டினால் விடுபடும். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை நீக்கிவிடாதீர்கள், யூநேம் பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

நான்காவது, டெபியன் 10 (பஸ்டர்)-லிருந்து 11 (புல்ஸ்ஐ)-க்கு வந்தவர்கள். பாதுகாப்பு ரெப்போவின் பெயர் வடிவம் அங்கே மாறியது: முன்பு "பஸ்டர்/அப்டேட்ஸ்", பிறகு "புல்ஸ்ஐ-செக்யூரிட்டி". பஸ்டரை அழித்து புல்ஸ்ஐ என்று மட்டும் எழுதியவர்களுக்கு அந்த வரி பிழையில் முடியும், பாதுகாப்பு அப்டேட் எதுவும் வராது. பழைய சர்வர் கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரியை.

குழுவின் மேல் ஒரு குறை. எல்லா ஓட்டைக்கும் டிஎஸ்ஏ வராது. சிறியது என்று கருதியதை டிராக்கரில் "நோ-டிஎஸ்ஏ" என்று குறித்துவிட்டு, சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பாயிண்ட் ரிலீஸில் சேர்ப்பார்கள். தர்க்கம் சரி, ஆனால் காரணம் பல சமயம் "மைனர் இஷ்யூ" என்ற இரண்டே சொல்லில் முடிந்துவிடுகிறது. நம் அமைப்பில் அது சிறியதா என்று எடைபோட அது போதாது. நம் கணினியிலுள்ள ஓட்டைகளைப் பட்டியலிடும் டெப்செக்கன் கருவியை ஒன்லி-ஃபிக்ஸ்டு விருப்பம் இல்லாமல் ஓட்டினால் இப்படி நிலுவையில் உள்ளவை எத்தனை என்று தெரியும். 2024 பிப்ரவரியில் லினக்ஸ் கர்னல் திட்டமே சிவிஇ எண் கொடுக்கத் தொடங்கிய பிறகு கர்னல் பகுதி மட்டும் பக்கம் பக்கமாக நீளும், மிரள வேண்டாம்.

சங்கிலியே அறுந்த நாட்களும் உண்டு. 2006 செப்டம்பரில் டெபியன் ஓபன்எஸ்எஸ்எல்-லில், சோதனைக் கருவி கொடுத்த எச்சரிக்கையை அமைதிப்படுத்த நீக்கிய கோட், ரேண்டம் எண் உருவாக்கியின் உயிரையே எடுத்துவிட்டது. புரோசஸ் எண்ணைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை, அதனால் ஒரு வகைச் சாவிக்குச் சுமார் 32 ஆயிரம் சாத்தியங்கள்தான். 2008 மே 13 அன்று டிஎஸ்ஏ-1571 வரும்வரை யாரும் கவனிக்கவில்லை. அப்டேட் போட்டால் மட்டும் போதாமல், உருவாக்கிய எல்லாச் சாவிகளையும் தூக்கி எறிய வேண்டியிருந்தது. டெபியனே போட்ட ஒட்டு டெபியனுக்கே ஓட்டையானது. 2019 ஜனவரியில் ஆப்ட் கருவியிலேயே ஓட்டை (சிவிஇ-2019-3462): வழிமாற்றும் ஹெச்டிடிபி பதிலில் வரிகளைச் செருகி, போலி பேக்கேஜை நிறுவ வைக்கலாம். அன்றைக்கு ரீடைரக்டை அணைத்துவிட்டு அப்டேட் செய்யச் சொன்னார்கள். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் ஒளித்து வைத்த பின்கதவு, எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதிப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டால் பிடிபட்டது. நிலையான வெளியீட்டுக்கு அது வந்து சேரவே இல்லை, டெஸ்டிங், அன்ஸ்டேபிள் வைத்திருந்தவர்களுக்கு "5.6.1+ரியலி5.4.5-1" என்ற பெயரில் பழையதைப் புதியதாக வேடம் போட்டு அனுப்பினார்கள். எண் கீழே இறங்கினால் ஆப்ட் ஏற்காது என்பதால் அந்த "ரியலி". பழசாக இருப்பதற்காக டெபியனைக் கேலி செய்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

உபுண்டுவின் சந்தா சேவையான உபுண்டு புரோவோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 5 கணினி வரை அதுவும் இலவசம், டோக்கன் வேண்டும். சந்தா இல்லாத உபுண்டுவில் ரெப்போவின் மெயின் பகுதிக்குத்தான் உறுதியான ஆதரவு. பல மடங்கு பெரிய யூனிவர்ஸ் பகுதிக்கு புரோ சேர்ந்த பிறகே. டெபியனில் மெயின் முழுவதும் ஒரே குடையின் கீழ் இருக்கிறது, கான்ட்ரிப், நான்-ஃப்ரீ பகுதிகள் மட்டும் குடைக்கு வெளியே. ரீபூட் இல்லாமல் ஓடும்போதே ஒட்டும் புரோவின் லைவ்பேட்ச் கர்னலுக்கு உதவும், லைப்ரரிகளுக்கு உதவாது. ரீபூட்டுக்கு நேரம் ஒதுக்கவே முடியாத ஒற்றை சர்வர் வைத்திருப்பவர்களுக்கு புரோவே தேவலை. ரீபூட் செய்ய மாதம் ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு டெபியனே போதும்.

ஆயுளைப் பொறுத்தவரை ஒரு வெளியீட்டுக்குப் பாதுகாப்புக் குழு 3 ஆண்டு, அதன்பின் நீண்டகால ஆதரவுக்கான எல்டிஎஸ் குழு 2 ஆண்டு. எல்டிஎஸ்-சில் எல்லா வன்பொருள் வகைகளும் கிடையா. டெபியன் 12-க்கு எல்டிஎஸ் 2028 ஜூன் 30 வரை, டெபியன் 13-க்கு 2030 ஜூன் 30 வரை. டெபியன் 11-க்கு 2026 ஆகஸ்ட் 31 கடைசி நாள். அதற்குப் பிறகும் டைமர் தினமும் காலை 6 மணிக்கு ஓடும், லாகில் பிழை இருக்காது, நிறுவ ஒன்றும் இருக்காது.